ஈரல் கெட்டாலே குடிகாரன்தானா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. படிச்சது, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டது, சொந்தத்துல பார்த்தது, இதை வச்சுத்தான் எழுதறேன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். டாக்டர்கிட்ட கேட்க நாலு கேள்வி கிடைச்சா போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கம் ஒருத்தருக்கு வயிறு ஊதி, கால் வீங்கி, கண்ணு மஞ்சளாகி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு வைங்க. ஹார்லிக்ஸ் பாட்டிலோட பார்க்கப் போற பத்துப் பேர்ல எட்டுப் பேர், வார்டை விட்டு வெளியே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: "தண்ணி போடுவாரோ?" செத்துப் போனா கேள்வியும் கிடையாது, நேரா தீர்ப்புதான். "குடிச்சுக் குடிச்சே ஈரல் வெந்து போச்சுப்பா."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு பழமொழி. இங்கே காமாலை நோயாளிக்கு இல்லை, பார்க்க வர்றவங்களுக்கு!

குடியால ஈரல் கெடாதுன்னு நான் சொல்லலை. கெடும், நல்லாவே கெடும். தெருமுனையில டாஸ்மாக் இருக்கிற மாநிலத்துல அதுக்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை. என் பிரச்சினை வேற. 'குடி' என்கிற பதில் கிடைச்ச நிமிஷமே விசாரணையை முடிச்சுடறோம். குடிக்கிறவர்னா, "காரணம் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு மத்த டெஸ்ட்?" குடிக்காதவர்னா, "நாலு பேர் என்ன நினைப்பாங்களோ"ன்னு வீட்டுக்காரங்களே மூடி மறைக்கிறாங்க. ரெண்டு வழியிலயும் தப்பிச்சுப் போறது ஒருத்தன்தான். வைரஸ்.

ரெண்டு வைரஸ், ஒரு வாயில்லாப் பூச்சி

சிரோசிஸ்னா ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்து, இறுகி, சுருங்கிப் போறது. ஈரலை அடிச்சுக்கிட்டே இருக்கிற எதுவும் அதுக்குக் காரணமாகலாம். சாராயம், சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்து கொண்டுவர்ற கொழுப்பு ஈரல், அப்புறம் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்கிற ரெண்டு வைரஸ்.

காமாலைன்னு நாம பொதுவா பார்க்கிறது பெரும்பாலும் ஏ, இ வகைகள். கெட்ட தண்ணியில வரும், கண்ணை மஞ்சளாக்கும், பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானாவே போயிடும். பி-யும் சி-யும் அப்படி இல்லை. ரத்தம் வழியா வரும், உடலுறவு வழியா வரும், பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு வரும். வந்தது தெரியாமலே இருபது முப்பது வருஷம் உள்ளே உட்கார்ந்திருக்கும். பிறந்த குழந்தையா இருக்கும்போது பி தொத்தினா, பத்துல ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிடும். பெரியவங்க ஆனப்புறம் தொத்தினா 100 பேர்ல 5 பேருக்கும் குறைவாத்தான் தங்கும். அதாவது, இன்னைக்கு ஐம்பது வயசுல சிரோசிஸ்னு படுத்திருக்கிறவர் முதல் சொட்டு சாராயத்தைத் தொடறதுக்கு இருபது வருஷம் முன்னாடியே, தொட்டில்லயே, வைரஸ் வந்திருக்கலாம்.

ஈரல் ஒரு வாயில்லாப் பூச்சி. முக்கால்வாசி போற வரைக்கும் 'ஐயோ'ன்னு ஒரு சத்தம் வராது. அமிதாப் பச்சன் கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1982-ல் 'கூலி' படப்பிடிப்புல அடிபட்டு, பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்தினாங்க. அதுல ஏதோ ஒரு பாட்டில்ல பி வைரஸ். பல வருஷம் கழிச்சு தற்செயலா ஒரு பரிசோதனையில தெரிஞ்சப்போ ஈரல்ல 75 சதவீதம் போயிருந்ததுன்னு அவரே மேடை போட்டுச் சொல்லியிருக்கார். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கான ஹெபடைடிஸ் நல்லெண்ணத் தூதரா அவரை நியமிச்சதும் இதனாலதான். அவருக்கு டெஸ்ட் எடுக்க ஆள் இருந்தது. நம்ம ஊர் கண்டக்டருக்கு?

பெயர்ப்பலகை இல்லாத வாடகைக்காரன்

கண்டக்டர்னு சும்மா சொல்லலை. எனக்கு மாமா முறை ஒருத்தர் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர். வெத்தலை பாக்கு தவிர ஒரு பழக்கம் கிடையாது. வயித்துல நீர் கோத்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" "குடிக்கறதே இல்லீங்க." "எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க." அவ்வளவுதான் விசாரணை. ஃபைல்ல 'குடியால் வந்த சிரோசிஸ்'னு எழுதியாச்சு. ஒரு ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாங்க, நெகட்டிவ். அதோட அந்தப் பக்கம் மூடிடுச்சு. ரெண்டு வருஷம் நீர் எடுக்கிறதும் மாத்திரை கொடுக்கிறதுமா ஓடிச்சு. இதுக்கு நடுவுல ஈரலை ஒருதடவை கூட ஸ்கேன் பண்ணலை. வலின்னு வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ எட்டு சென்டிமீட்டர்ல கட்டி, ரத்தக் குழாய்க்குள்ளயும் இறங்கியாச்சு. ஈரல் புற்று. அங்கேதான் வேறொரு டெஸ்ட்டும் எடுத்தாங்க. மாமா உடம்புக்குள்ள பி வைரஸ் ரொம்ப காலமா இருந்திருக்கு.

நெகட்டிவ்னு வந்ததே, அப்புறம் எப்படி? எனக்கும் இது புரியலை. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வழக்கமா எடுக்கிற டெஸ்ட் ஹெச்.பி.எஸ்.ஏஜி. இது வைரஸோட மேல்தோல் புரதத்தை ரத்தத்துல தேடறது. 1960-கள்ல அமெரிக்க விஞ்ஞானி பரூக் ப்ளம்பெர்க், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்துல கண்டுபிடிச்சு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்'னு பேர் வச்சது இதைத்தான். 1976-ல் நோபல் கிடைச்சது. அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் இன்னைக்கு உலக ஹெபடைடிஸ் தினம்.

வீட்டு வாசல்ல பெயர்ப்பலகை மாட்டியிருக்கிற மாதிரி இந்தப் புரதம். பலகை இருந்தா உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம். ஆனா சில பேருக்கு வருஷங்கள் போகப் போக பலகை காணாமப் போயிடுது, வாடகைக்காரன் மட்டும் காலி பண்ணலை. வைரஸோட டி.என்.ஏ. ஈரல் செல்லோட உட்கருவுக்குள்ளயே சின்ன வளையமா உட்கார்ந்திருக்கும், சில துண்டுகள் நம்ம டி.என்.ஏ.வோடயே ஒட்டிக்கும். மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் பி-ன்னு இதைச் சொல்றாங்க. ரத்தத்துல வைரஸ் அளவு ரொம்பக் கொஞ்சமா இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு ஆன்ட்டி-ஹெச்.பி.சி.ன்னு இன்னொரு டெஸ்ட். இது பழைய ரேஷன் கார்டு மாதிரி. இந்த முகவரியில எப்பவோ ஓர் ஆள் இருந்தான்னு காட்டும். தடுப்பூசி போட்டா இது பாசிட்டிவ் ஆகாது, நிஜமாவே வைரஸ் வந்து போயிருந்தால்தான் ஆகும். இது பாசிட்டிவ்னா, அடுத்தது ஹெச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட் தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். பாசிட்டிவ் ஆன எல்லாருக்கும் உள்ளே வைரஸ் இருக்குன்னு அர்த்தம் இல்லை, இதையும் சொல்லிடணும். நம்ம நாட்டுல வயசானவங்க நிறைய பேருக்கு இது பாசிட்டிவா இருக்கும், பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா ஏற்கெனவே சிரோசிஸ் இருக்கிறவருக்கு இது பாசிட்டிவ்னா, கண்டுக்காம விடக்கூடாது.

இது ஏதோ அபூர்வம்னு நினைக்காதீங்க. இத்தாலியில 1999-ல் ஓர் ஆய்வு. ஹெபடைடிஸ் சி இருந்த, ஆனா பி நெகட்டிவ்னு சொல்லப்பட்ட 200 பேரோட ஈரல் துணுக்கைப் பார்த்தாங்க. 66 பேர் ஈரல்ல பி வைரஸ் டி.என்.ஏ. இருந்தது. அந்த 66 பேர்ல மூணுல ஒருத்தருக்கு சிரோசிஸ், மத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு. 2004-ல் அங்கேயே இன்னொரு ஆய்வு. பி நெகட்டிவான ஈரல் புற்று நோயாளிகள் 107 பேரைப் பார்த்ததுல 68 பேர் ஈரல்ல பி வைரஸ் ஒளிஞ்சிருந்தது. புற்று இல்லாத நாள்பட்ட ஈரல் நோயாளிகள்ல இது மூணுல ஒரு பங்குதான்.

பி வைரஸுக்கும் ஈரல் புற்றுக்கும் உள்ள உறவு பழசு. 1981-ல் தைவான்ல 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, பி வைரஸ் சுமக்கிறவங்களுக்கு ஈரல் புற்று வாய்ப்பு மத்தவங்களைவிட 223 மடங்குன்னு சொல்லிச்சு. ரெண்டு மடங்கு, மூணு மடங்கு இல்லை, 223! அதே தைவான் 1984-ல் குழந்தைகளுக்குத் தடுப்பூசியை ஆரம்பிச்சது, பத்துப் பன்னிரண்டு வருஷத்துல குழந்தைகளுக்கு வர்ற ஈரல் புற்று குறைஞ்சது. புற்றுநோயைத் தடுக்கிற முதல் தடுப்பூசின்னு இதைச் சொல்றது சும்மா இல்லை.

ஆறு மாசக் கணக்கு

சரி, சிரோசிஸ் வந்தாச்சு. காரணம் எதுவா இருந்தா என்ன, இனி என்ன பண்ணப் போறோம்னு கேட்கலாம். ரெண்டு காரணத்துக்காகத் தெரிஞ்சே ஆகணும்.

ஒண்ணு, வைரஸுக்கு மருந்து இருக்கு. சி வைரஸை 1989-ல்தான் அடையாளமே கண்டாங்க (அந்த வேலைக்கு 2020-ல் நோபல்). இன்னைக்கு பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம், சிலருக்கு 24 வாரம் மாத்திரை சாப்பிட்டா, 100-க்கு 90 பேருக்கு மேல முழுசா குணம். பி முழுசா போறது அபூர்வம், ஆனா டெனோஃபோவிர், என்டெகாவிர்னு தினம் ஒரு மாத்திரை வைரஸை அடக்கி வச்சுடும். சிரோசிஸ் மோசமாகிறது குறையும், புற்று வாய்ப்பும் குறையும். 2018 ஜூலை 28-ல் ஆரம்பிச்ச தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல பி, சி ரெண்டுக்கும் டெஸ்ட்டும் மருந்தும் அரசு மையங்கள்ல இலவசம். இந்தத் தகவல் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரெண்டாவது, புற்று. சிரோசிஸ் ஆன ஈரல், காரணம் எதுவா இருந்தாலும், புற்று முளைக்கிற மண். தோராயமா வருஷத்துக்கு 100 பேர்ல 1 முதல் 4 பேருக்கு வரும்னு கணக்கு. சின்ன எண்ணாத் தெரியும், பத்து வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க. அதனாலதான் உலகத்துல எந்த ஈரல் மருத்துவர் சங்கத்தோட வழிகாட்டியை எடுத்தாலும் ஒரே விஷயத்தைச் சொல்லுது: ஆறு மாசத்துக்கு ஒருதரம் வயித்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சில வழிகாட்டிகள் கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையையும் சொல்லுது. ஏ.எஃப்.பி. மட்டும் நார்மல்னு நிம்மதியாகக் கூடாது, புற்று இருந்தும் நார்மலா காட்டுறது உண்டு.

ஏன் ஆறு மாசம்? கட்டி இரட்டிப்பாக சில மாசம் எடுக்கும். ஆறு மாசத்துக்குள்ள பிடிச்சா ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல பிடிக்கலாம். அந்த அளவுல சுட்டுப் பொசுக்கலாம், வெட்டி எடுக்கலாம், ஈரலையே மாத்தலாம். 1996-ல் இத்தாலியில வகுத்த மிலன் அளவுகோல் இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. ஒரே கட்டின்னா 5 சென்டிமீட்டருக்குள்ள, இல்லேன்னா மூணு கட்டிவரை, ஒவ்வொண்ணும் 3 சென்டிமீட்டருக்குள்ள, ரத்தக் குழாய்க்குள்ள இறங்கியிருக்கக் கூடாது. மாமாவுக்கு எட்டு. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சி குணமாயிடுச்சு, பி அடங்கிடுச்சுன்னாலும் சிரோசிஸ் வந்தவங்க இந்த ஸ்கேனை நிறுத்தக் கூடாது. தழும்பு அங்கேயேதான் இருக்கு.

மெடிக்கல்ல அவுட்

மாமா போனப்புறம் குடும்பத்துல எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. அத்தைக்கு ஒண்ணுமில்லை, பசங்களுக்கும் இல்லை. மாமாவோட தம்பிக்கு பி பாசிட்டிவ். ஒரே அம்மா வயித்துல பிறந்தவங்க, வழி எதுன்னு ஊகிக்கலாம். நெஞ்சை அடைச்சது அது இல்லை. டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்து சின்ன மாமா ஆச்சரியமே படலை. தொண்ணூறுகள்ல கல்ஃப் போக மெடிக்கல் எடுத்தப்போவே அவருக்குத் தெரியும். 'அன்ஃபிட்'னு ஏஜென்ட் திருப்பி அனுப்பிட்டார். வீட்டுல "விசா பிரச்சினை"ன்னு சொல்லிட்டார். கல்யாணம் நிக்கக் கூடாதே, தட்டு டம்ளரைத் தனியா எடுத்து வச்சுடக் கூடாதேன்னு பயம். அந்தப் பயத்துல இருபத்தஞ்சு வருஷம் யாருக்கும் சொல்லலை, டாக்டர்கிட்டயும் போகலை. அவர் அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணனையும் அப்பவே பார்த்திருப்பாங்க.

நான் அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். பல வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கல்ல பி பாசிட்டிவ்னா கதவு மூடிடும். கதவு மூடினதோட சரி, "தம்பி, இதுக்கு இந்த டாக்டரைப் பாரு, வீட்டுல எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு"ன்னு சொல்ல அங்கே ஒருத்தரும் கிடையாது. நம்ம தென் மாவட்டங்கள்ல எத்தனை பேர் இப்படி ஒரு காகிதத்தைப் பெட்டிக்கு அடியில வச்சிருக்காங்களோ. எச்.ஐ.வி. பற்றி நாம நிறையப் பேசி, 'தொட்டா ஒட்டாது'ன்னு புரிய வச்சு, 2017-ல் சட்டம் வரை வந்துட்டோம். பி-க்கு அந்தப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஒரே தட்டுல சாப்பிட்டா, கட்டிப் பிடிச்சா, கை கொடுத்தா பி ஒட்டாது. ரேசர் பிளேடு, ஊசி, பச்சை குத்துற ஊசி, இதைப் பகிர்ந்தா ஒட்டும். 2009-ல் குஜராத்தில் மோடாசா பக்கம் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டதுல பி பரவி நிறைய பேர் செத்தாங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட 2024 அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவுல பி இருக்கிறவங்க ஏறக்குறைய 2.98 கோடி, சி இருக்கிறவங்க 55 லட்சம். உலகம் முழுக்க எடுத்தா, பி இருக்கிறவங்கள்ல தனக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க 13 சதவீதம்தான். மீதி 87 பேர் நம்மகூட பஸ்ல வர்றாங்க, அலுவலகத்துல பக்கத்து சீட்ல இருக்காங்க. நாமளாவேகூட இருக்கலாம்.

கீழாநெல்லி கட்சிக்கு

பின்னூட்டத்துல யாராவது கீழாநெல்லியோட வருவீங்கன்னு தெரியும் :-) நானே சொல்லிடறேன். 1988-ல் சென்னையில எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லியை பி வைரஸ் சுமக்கிறவங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லான்செட் இதழ்ல வெளியிட்டாங்க. அதுல நம்ம ப்ளம்பெர்க் பேரும் இருந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் காணாமப் போச்சு, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா தாய்லாந்துலயும் நியூசிலாந்துலயும் திரும்பச் செஞ்சு பார்த்தப்போ அந்தப் பலன் கிடைக்கலை.

இன்னொண்ணும் கவனிங்க. காணாமப் போனது பெயர்ப்பலகை. பலகை போனா ஆள் போயிட்டான்னு அர்த்தம் இல்லைன்னு மேலேயே பார்த்தோம். ஏ, இ காமாலை தானா சரியாகும்போது குடிச்ச சாறுக்குப் பேர் கிடைக்குது, பரவாயில்லை. பி-யையும் சி-யையும் அதை நம்பி விட்டுட்டு இருந்தா, போறது வருஷங்கள்.

சொல்ல வந்தது

1. சிரோசிஸ்னு சொன்ன யாருக்கும், அவர் மிடாக்குடியரா இருந்தாலும் சரி, ஹெச்.பி.எஸ்.ஏஜி., ஆன்ட்டி-ஹெச்.சி.வி., ஆன்ட்டி-ஹெச்.பி.சி. மூணும் எடுத்தாச்சான்னு கேளுங்க. குடியும் வைரஸும் சேர்ந்தா சேதம் இன்னும் அதிகம், குடிக்கிறவருக்குத்தான் இந்த டெஸ்ட் இன்னும் அவசியம்.

2. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். டாக்டர் மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க. போன் காலண்டர்ல போட்டு வைங்க.

3. ஆன்ட்டி-ஹெச்.பி.சி. பாசிட்டிவான ஒருத்தருக்குக் கீமோவோ, ரிடுக்சிமாப் மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தோ கொடுக்கப் போறாங்கன்னா, முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒளிஞ்சிருந்த வைரஸ் அப்போ எழுந்திருக்கும், உயிரையே எடுக்கலாம்.

4. ஒருத்தருக்கு பி-ன்னா கூடப் பிறந்தவங்க, மனைவி, கணவன், பிள்ளைங்க எல்லாருக்கும் டெஸ்ட். இல்லாதவங்களுக்குத் தடுப்பூசி. பிறக்கிற குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள முதல் ஊசி. அரசுத் திட்டத்துல இந்தத் தடுப்பூசி நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். அதுக்கு முன்னாடி பிறந்தவங்க, அதாவது இதைப் படிக்கிற நாம கிட்டத்தட்ட எல்லாருமே, போட்டிருக்கோமான்னு ஒருதரம் யோசிக்கணும். மாஸ்டர் செக்கப் எடுத்தேன், எஸ்.ஜி.பி.டி. நார்மல்னு சொல்லாதீங்க. அது நார்மலா இருந்தும் வைரஸ் உள்ளே இருக்கலாம்.

5. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோட போகும்போது "தண்ணி போடுவாரோ"ன்னு கேட்காதீங்க. "வைரஸ் டெஸ்ட் எடுத்தாங்களா, ஸ்கேன் எப்போ எடுத்தாங்க"ன்னு கேளுங்க. முதல் கேள்வி அந்த மனுஷனோட மானத்தை வாங்கும். ரெண்டாவது கேள்வி உயிரைக் காப்பாத்தினாலும் காப்பாத்தும்.

சின்ன மாமா இப்போ தினம் ஒரு மாத்திரை போடறார், ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கறார். நல்லாத்தான் இருக்கார். அவர் அனுமதி கொடுத்துத்தான் எழுதறேன், "எழுது, ஆனா பேர் போடாதே"ன்னார். பேர் போட்டாலும் பரவாயில்லைன்னு அவரால சொல்ல முடியற நாள் வரணும்.

மருத்துவப் பதிவர்கள் யாராவது இருந்தா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. மத்தவங்க, வீட்டுல யாருக்காவது ஈரல் ஃபைல் இருந்தா எடுத்து, கடைசி ஸ்கேன் தேதியைப் பாருங்க. ஆறு மாசம் தாண்டியிருந்தா பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல ஸ்கேன்.